காலி நாற்காலி சம்மதம் சொல்லிவிடும்: எழுந்து வாருங்கள், தோழர்களே!

தோழர்களே!

கும்மிடிப்பூண்டித் தோழர்களே! பொன்னேரித் தோழர்களே! ஆரம்பாக்கம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் வலை வீசும் தோழர்களே! விடியற்காலை ரயிலில் வந்திறங்கி, கழுத்தில் ஒப்பந்த அட்டையோடு சிப்காட் கேட்டுக்கு ஓடும் தோழர்களே! ஏரிக்கரையில் ஆடு ஓட்டும் அண்ணன்மார்களே, அக்காமார்களே!

உங்களைத்தான் அழைக்கிறோம். இன்றே அழைக்கிறோம். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல நம்மிடம் இன்னொரு நாள் இல்லை.

நம்மிடம் என்ன மிச்சம் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். பழவேற்காடு ஏரி இருக்கிறது. அதில் வந்து கலக்கும் ஆரணியாறு இருக்கிறது. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் கொஞ்சம் சதுப்பு இருக்கிறது. ஆந்திர எல்லையோரம் துண்டு துண்டாய்க் காப்புக்காடு இருக்கிறது. ஊருக்கு ஊர் ஓர் ஏரி, ஒரு தாங்கல், ஒரு மேய்க்கால் இருக்கிறது. அவ்வளவுதான். இதைத் தாண்டி நமக்குப் பச்சை இல்லை. இதைத் தாண்டி நமக்குத் தண்ணீர் இல்லை. இதைத் தாண்டி நம் பிள்ளைகளுக்கு மூச்சு இல்லை.

இதைத்தான் கேட்கிறார்கள். இதைத்தான் அளக்கிறார்கள். இதைத்தான் வரைபடத்தில் வண்ணம் மாற்றித் தீட்டுகிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? அதுதான் கேள்வி. அது ஒன்றுதான் கேள்வி.

தோழர்களே, பழவேற்காட்டைப் பாருங்கள்.

சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் 153.67 சதுர கிலோமீட்டர் 1980இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை வருகிறது. கூழைக்கடா வருகிறது. செங்கால் நாரை வருகிறது. உலகின் வடகோடியிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வருகின்றன. அவை வருவது நமக்குப் பெருமை. ஆனால் பெருமைக்காக மட்டும் நாம் கூடவில்லை.

அந்த ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் இருளர் அக்கா நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் கையில் வலை இல்லை, தூண்டில் இல்லை. பனை ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார். இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிறார். இறால் விரலில் தட்டுகிறது. பிடிக்கிறார், பறியில் போடுகிறார், மறுபடி துழாவுகிறார். அன்றைய அரிசி அந்தப் பறியில் இருக்கிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகம் அந்தப் பறியில் இருக்கிறது. அவருக்கு வேறு பட்டறை இல்லை. அந்தச் சேறுதான் பட்டறை.

அந்தச் சேற்றில் விஷம் கலந்தால் அவர் எங்கே போவார்? சொல்லுங்கள், எங்கே போவார்?

பாடு முறையில் ஊர் கூடி, முறை வைத்து, யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை இறக்குவது என்று தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டுக்கொண்ட மீனவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஏரியை யாரும் அள்ளித் தீர்த்துவிடாமல் காத்தது அந்த முறை. காப்பது எப்படி என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நாம் காத்தவர்கள். நம் அப்பன் பாட்டன் காத்தவர்கள்.

ஏரி கடலுக்கும் தாய், தோழர்களே. கடலில் பொரித்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. ஏரியில் வளர்கிறது. வளர்ந்தபின் மறுபடி கடலுக்குப் போகிறது. முகத்துவாரம் அடைபட்டால் அந்தப் போக்குவரத்து நிற்கும். ஆற்றுநீர் நின்றால் உப்பு ஏறும். ஏரி செத்தால் கடலில் வலை போடுகிறவனும் வெறுங்கையோடுதான் திரும்புவான். பழவேற்காட்டுக்காரன் பிரச்சினை என்று பழவேற்காட்டோடு நிற்காது இது. காசிமேட்டுக்கு வரும். உங்கள் வீட்டுக் குழம்புச் சட்டிக்கு வரும்.

சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர். அதற்குள் பெரிய திட்டம் எதுவும் வர வேண்டுமென்றால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் வாசலில் நின்று பதில் சொல்லியாக வேண்டும். அதுதான் நம் வேலி. அந்த வேலிதான் அவர்கள் கண்ணை உறுத்துகிறது. சுருக்கு என்கிறார்கள். குறை என்கிறார்கள். தொழில் வளர இடைஞ்சல் என்கிறார்கள்.

சரணாலய எல்லைக்குள் ஊர்கள் இருக்கின்றன. அங்கே வாழும் மக்களுக்குப் பட்டா வேண்டும். வீடு கட்டும் உரிமை வேண்டும். மீன்பிடிக்கும் உரிமை வேண்டும். வேண்டும் என்று நாமும் சேர்ந்து சொல்கிறோம். பல்லாண்டாய் இழுத்தடித்த உரிமையை உடனே கொடு! ஆனால் மக்கள் பெயரைச் சொல்லி எல்லையைச் சுருக்காதே! குடிசைக்காரனுக்குப் பட்டா என்று கதவைத் திறந்து, கோடீஸ்வரனுக்குப் பாதை போடாதே!

தோழர்களே, காட்டுப்பள்ளியைப் பாருங்கள்.

கடலுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் நடுவில் ஒரு மெல்லிய மணல்கீற்று. அதில் ஏற்கெனவே ஒரு துறைமுகம். 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. பிறகு வந்தது விரிவாக்கத் திட்டம். எவ்வளவு தெரியுமா? 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்கும் திட்டம். கடலையும் தூர்த்து நிலமாக்கும் திட்டம்.

நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல்லைக் கொட்டி மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். எண்ணூர்க் கரையில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது எது? பழவேற்காடு. கடலும் ஏரியும் ஒன்றாகிவிடாமல் தடுப்பது எது? அந்த மணல்கீற்று. அது அறுந்தால் எந்த வாரியம் வந்து தைத்துக் கொடுக்கும்?

2021 ஜனவரி 22 என்று கருத்துக்கேட்புக்குத் தேதி குறித்தார்கள். தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி குறித்தார்கள். மறுபடி தள்ளிப்போனது. மீனவர்கள் கொதித்து எழுந்தார்கள், தோழர்களே. படகுக்காரர்கள் எழுந்தார்கள். பெண்கள் எழுந்தார்கள். இரண்டு முறை தேதி வந்தது, இரண்டு முறையும் போனது. மூன்றாவது தேதி எந்த நாளிதழின் எந்த மூலையில் வரும்? அன்றைக்கு நாம் விழித்திருப்போமா? இல்லை, தூங்கிக்கொண்டிருப்போமா?

தோழர்களே, தேர்வாய் கண்டிகையை மறக்காதீர்கள்!

நம் கும்மிடிப்பூண்டி வட்டத்து ஊர் அது. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஊரை ஒட்டி 1,127 ஏக்கர் மேய்க்கால், காடாய் நின்றது. ஊர் மக்கள் காத்த காடு. அதில் மாடு மேய்ந்தது. விறகு கிடைத்தது. பழம் கிடைத்தது, மூலிகை கிடைத்தது. அந்தக் காட்டில் பெய்த மழைதான் ஓடையாய் இறங்கி ஏரிகளை நிரப்பியது. நிலமில்லாத குடும்பத்துக்கு அந்தக் காடுதான் நிலம்.

அதை சிப்காட்டுக்கு எடுத்தார்கள். 2009இல் மிஷ்லின் டயர் நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டது. ஊர் மறித்தது. பெண்கள் முன்னால் நின்றார்கள். பட்டினி கிடந்தார்கள். கைதானார்கள். கடல் தாண்டி பிரான்சுவரை போய் 2012இல் முறையிட்டார்கள். அந்த நாட்டு சி.ஜி.டி. தொழிற்சங்கத் தோழர்கள் நம் ஊர் மக்களோடு கைகோத்து நின்றார்கள்.

பாரிஸ் வந்தது, தோழர்களே. பக்கத்து ஊர்கள் எத்தனை வந்தன? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பிரான்சுத் தொழிலாளிக்குக் கேட்ட குரல் நம் தெருவுக்குக் கேட்கவில்லையா? அது அவர்கள் ஊர், அது அவர்கள் சாதி, அது அவர்கள் காடு என்று எத்தனை பேர் ஒதுங்கி நின்றோம்? காடு போனது. மரம் போனது. ஒதுங்கி நின்ற ஊரின் ஏரிக்கும் வரத்து போனது.

இனி ஒதுங்காதீர்கள். சாதி பார்த்து ஒதுங்காதீர்கள். கட்சி பார்த்து ஒதுங்காதீர்கள். ஊர் பார்த்து ஒதுங்காதீர்கள். புகைக்குச் சாதி தெரியாது. சாம்பலுக்குக் கட்சி தெரியாது.

மௌனத்துக்கு என்ன விலை என்று எண்ணூரைக் கேளுங்கள்.

2017 ஜனவரி 28. இரண்டு கப்பல்கள் மோதின. கரையெல்லாம் கப்பல் எரிபொருள் எண்ணெய். வாளியைக் கொடுத்து அள்ளச் சொன்னார்கள். 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. வீட்டுச் சுவரில் கறுப்பு. படகில் கறுப்பு. வலையில் கறுப்பு. கூழைக்கடாவின் சிறகில் கறுப்பு. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூச்சுத் திணறத் தெருவில் ஓடினார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து படிந்து, மீன் இருந்த இடத்தில் சேறுகூட இல்லாமல் போனது.

எண்ணூர் ஒரே நாளில் இப்படி ஆகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆனது. ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மௌனம் துணை போனது.

இங்கேதான் கவனியுங்கள், தோழர்களே. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இருக்கிறதே, அதன்படிதான் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கிறது. அந்தக் கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று ஒரு கணக்கும் கிடையாது. ஆயிரம் பேர் வந்தாலும் கூட்டம். பத்துப் பேர் வந்தாலும் கூட்டம். ஆளே வராவிட்டாலும் கூட்டம்! பந்தல் போட்டாயிற்று, நாற்காலி போட்டாயிற்று, மைக் வைத்தாயிற்று, யாரும் எதிர்க்கவில்லை என்று எழுதியாயிற்று. முடிந்தது.

நீங்கள் வராத நாற்காலி சும்மா இருக்காது. அது சம்மதம் சொல்லும். உங்கள் பெயரால் சம்மதம் சொல்லும். உங்கள் பிள்ளையின் பெயரால் சம்மதம் சொல்லும்.

அதே சட்டத்தில் நமக்கும் ஆயுதம் இருக்கிறது. 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தந்தாக வேண்டும். கூட்டத்தை முழுக்க வீடியோ எடுத்தாக வேண்டும். நடந்ததை அங்கேயே, தமிழிலேயே வாசித்துக் காட்டியாக வேண்டும். நீங்கள் பேசியதை மறைக்க முடியாது. ஆனால் நீங்கள் பேசியிருக்க வேண்டும்! பேசாததை எந்தச் சட்டமும் பதிவு செய்யாது.

பயமா? தெரியும். வேலை போய்விடுமோ என்ற பயம். ஒப்பந்தக்காரர் அட்டையைப் பிடுங்கிவிடுவாரோ என்ற பயம். வழக்குப் போடுவார்களோ என்ற பயம். தனியாக நின்றால் பயம் பெரிது. சேர்ந்து நின்றால் பயம் சிறிது. பத்துப் பேர் பேசினால் பத்துப் பேரைப் பார்ப்பார்கள். ஊரே பேசினால் யாரைப் பார்ப்பார்கள்?

சிப்காட் தோழர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை.

உங்களையும் எங்களையும் பிரிக்கப் பார்ப்பார்கள். வேலையா, பறவையா என்று கேட்பார்கள். ஆலையா, ஏரியா என்று கேட்பார்கள். ஏமாறாதீர்கள். வேலை வேண்டும். நிரந்தர வேலை வேண்டும், நியாயமான கூலி வேண்டும், பாதுகாப்பு வேண்டும். அதற்காக நீங்கள் போராடும்போது கேட்டுக்கு வெளியே நாங்கள் நிற்போம். ஆனால் சொல்லுங்கள்: எட்டு மணி நேரம் ஆலைக்குள் அந்தக் காற்றை இழுப்பது யார்? ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து அதே காற்றை இழுப்பது யார்? கிணற்று நீர் கெட்டால் கேன் தண்ணீருக்குக் கூலியில் பாதியை அழுவது யார்? முதலாளி இங்கே குடியிருக்கவில்லை. நீங்கள் குடியிருக்கிறீர்கள். உங்கள் நுரையீரல் இங்கே குடியிருக்கிறது.

தொழிலாளியும் மீனவனும் சேர்ந்தால் இந்த வட்டத்தில் எதிர்த்து நிற்க ஆள் இல்லை. அதனால்தான் சேரவிடாமல் பார்க்கிறார்கள். சேருவோம்!

முடியுமா என்கிறீர்களா? முடிந்திருக்கிறது.

வேடந்தாங்கலைப் பாருங்கள். 2020இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கப் பார்த்தார்கள். நாடே குரல் கொடுத்தது. கைவிட்டார்கள்.

அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மண். 2024 நவம்பரில் அந்தப் பக்கம் டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டார்கள். மேலூர் வட்டாரம் மொத்தமும் கிளம்பியது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஊர் ஊராக மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அவர்களுக்கு இருந்தது என்ன? நமக்கு இருக்கும் அதே கால்கள். அதே குரல். அவர்கள் வெளியே வந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கழுவேலியைப் பாருங்கள். மரக்காணம் பக்கத்துச் சதுப்பு. 2021இல் புதிய பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காடும் நீரும் குறையத்தான் வேண்டும் என்று விதி இல்லை. பெருகவும் முடியும்!

ஆகவே, தோழர்களே, இருப்பதை விடாதே என்று மட்டும் நாம் கேட்கவில்லை. பெருக்கு என்று கேட்கிறோம்!

பழவேற்காட்டின் 10 கிலோமீட்டரில் ஓர் அடிகூடக் குறைக்காதே! காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை ரத்து செய்! சதுப்பை அளந்து, கல் நட்டு, அலையாத்தியை வளர்! ஆந்திர எல்லையோரக் காடுகளின் ஓடைகளை மறிக்காதே! மிச்சமிருக்கும் மேய்க்காலை மேய்க்காலாகவே வை! எந்த ஊர் ஆனாலும் சரி, ஏரியின் வரத்துக்கால் மேல் எந்த ஆலைக்கும் அனுமதி கொடுக்காதே! 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, மரப்பரப்பை 33 சதவீதமாக்குவோம் என்று அரசு சொன்னது. சொன்னதைத் திருவள்ளூரில் செய்! மரக்கன்றை ஒரு பக்கம் நட்டு, காட்டை மறுபக்கம் கொடுக்காதே!

இது பிச்சை இல்லை. பொது நிலம் ஊருடையது. ஆக்கிரமித்த பொது நிலத்தை மீட்டு ஊருக்கே கொடுங்கள் என்று 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நாம் கேட்பது நம்முடையதை.

இப்போது வேலை. இன்று தொடங்கும் வேலை.

உங்கள் ஊர் ஏரியின் சர்வே எண்ணை எடுங்கள். மேய்க்காலின் சர்வே எண்ணை எடுங்கள். எத்தனை ஏக்கர் இருந்தது, எத்தனை ஏக்கர் இருக்கிறது, குறித்து வையுங்கள். தாலுக்கா அலுவலகம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ஆறுக்கும் போங்கள். வீட்டுக்கு ஒருவர் இல்லை, வீட்டோடு போங்கள். தீர்மானப் புத்தகம் கைக்கு வரும். பக்கம் வெள்ளையாக இருக்கும். கீழே கையெழுத்துப் போடுங்கள், மேலே பிறகு எழுதிக்கொள்கிறோம் என்பார்கள். போடாதீர்கள்! வெற்றுத் தாளில் போடும் கையெழுத்து உங்கள் ஏரிக்கு வைக்கும் வேட்டு. முதலில் தீர்மானம். பிறகு வாசிப்பு. அதன் பிறகே கையெழுத்து. நகலைக் கேட்டு வாங்குங்கள்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டு. உங்கள் ஊரில் அது இருக்கிறதா, கேளுங்கள். இருந்தால் அதில் யார் இருக்கிறார்கள், கேளுங்கள். உங்கள் ஏரியில் என்ன மீன், உங்கள் தோப்பில் என்ன மரம், எந்த மாதம் எந்தப் பறவை என்று பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏட்டில் இல்லாத காட்டைப் பொட்டல் என்று எழுதிவிடுவார்கள்.

கருத்துக்கேட்பு அறிவிப்பு வந்த அன்றே தண்டோரா போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கோயிலில் சொல்லுங்கள், மாதா கோயிலில் சொல்லுங்கள், பள்ளிவாசலில் சொல்லுங்கள். எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். நேரில் வந்து பேசுங்கள். மீன்காரம்மா பேசட்டும். ஆடு மேய்க்கும் தாத்தா பேசட்டும். கல்லூரிப் பிள்ளை பேசட்டும். அழகாகப் பேச வேண்டாம். உண்மையைப் பேசினால் போதும்.

தோழர்களே, நியாயம் நம் பக்கம் இருக்கிறது. சட்டத்தில் இடம் இருக்கிறது. வெற்றி பெற்ற ஊர்கள் கண்முன்னே இருக்கின்றன. குறைவது நம் துணிச்சல் ஒன்றுதான். அதைக் கொண்டு வாருங்கள்.

பழவேற்காட்டை விட்டுக்கொடோம்! ஏரியை விட்டுக்கொடோம்! மேய்க்காலை விட்டுக்கொடோம்! காட்டை விட்டுக்கொடோம்!

வருகிற கிராம சபையில் உங்கள் ஊர் ஏரியின் பெயரை, உங்கள் மேய்க்காலின் சர்வே எண்ணை, உங்கள் வாயால் உரக்கச் சொல்லுங்கள். சொல்லித் தீர்மானமாக்குங்கள். பக்கத்து ஊருக்கு ஒருவர் வராமல் எந்த ஊரும் தனியாக நிற்கக் கூடாது. நாங்கள் வருகிறோம். நீங்களும் வாருங்கள், தோழர்களே!